இடைக்காலக் கதை அச்சிட்ட ஜெர்மன் நெருக்கடிப் பணத்தாள் (நோட்கெல்ட்): ஊரையும் ஆண்டையும் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் மதிப்பைப் பாருங்கள். 25, 50, 75 ஃபெனிக் (மார்க்கின் நூறில் ஒரு பங்கு) என்றிருந்து வண்ணப்படமும் இருந்தால் பெரும்பாலும் 1918-1922 காலத்துத் தொடர்தாள், அதாவது படத்தொடராக வெளிவந்த தாள். கோடிக்கணக்கான மார்க் என்றால் 1923 பணவீக்கத் தாள். அதை இந்தக் கட்டில் சேர்க்காதீர்கள். முதல் உலகப் போரால் சில்லறை மறைந்தபோது நகராட்சிகளே அச்சிட்டது நோட்கெல்ட். சேகரிப்பவர்கள் கூடியதும் ஊர்கள் தங்கள் பழங்கதையைப் படத்தொடராக்கி விற்றன. 1922 ஜூலை 17ஆம் நாள் சட்டம் அதற்குத் தடை போட்டது.

அடுத்து ஊர்ப்பெயர். எழுத்து பெரும்பாலும் ஃப்ராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்து, தடுமாற்றம் அதில்தான். சொல்லின் நடுவில் வரும் நீள 'எஸ்', பார்வைக்கு 'எஃப்' போலவே இருக்கும். குறுக்குக்கோடு தண்டைத் தாண்டி வலப்பக்கமும் போனால் 'எஃப்'. இடப்பக்கம் மட்டும் சிறு முளை நின்றால் 'எஸ்'. சிறிய 'கே' (k), 'டி' (t) குழப்பும். பெரிய எழுத்துகளில் 'ஏ'வும் (A) 'யு'வும் (U), 'பி'யும் (B) 'வி'யும் (V) இன்னும் மோசம். கைப்பேசிச் செயலி இவற்றைத் தப்பாகப் படித்துவிட்டு இல்லாத சொல்லைத் தேடும். 10 மடங்கு லென்ஸ் போதும்; எழுத்தெழுத்தாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிறகு தேடுங்கள். ஊர்ப்பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்த சுருக்கம் இருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். அது ஆற்றின் அல்லது பகுதியின் பெயர். நௌம்பூர்க் என்ற ஊர் ஸாலே ஆற்றங்கரையிலும் உண்டு, ஹெஸ்ஸனிலும் உண்டு.

இனி ஆண்டு. படத்திலுள்ள ஆண்டைத் தாளின் ஆண்டாகக் குறித்துவிடாதீர்கள். ஹாமெல்ன் ஊரின் தாளில் பழங்கதையின் எலிபிடிப்பவன் குழலூதுவான். 130 பிள்ளைகள் காணாமற்போன 1284 கதையின் ஆண்டு. ஸாலே நௌம்பூர்க்கின் 1432, ஹுஸ்ஸைட் படையிடம் (செக் நாட்டுச் சமயச் சீர்திருத்தக் கிளர்ச்சியாளர்கள்) பிள்ளைகளை அனுப்பி ஊரைக் காத்த மரபுக்கதையினுடையது. வெளியீட்டு நாள் பெரும்பாலும் கையொப்பங்களுக்கு அருகில் சிறிய எழுத்தில் இருக்கும். 'க்யூல்டிக் பிஸ்' (gültig bis) என்று வருவது செல்லுபடி முடியும் நாள். 1.4.1921 என்றால் ஏப்ரல் 1; நாள்தான் முதலில்.

ஸ்கேன் எடுக்கும்போது 600 டிபிஐ, இரண்டு பக்கமும். கைப்பேசிப் படத்தில் விளிம்பு வளையும், தாளின் அளவு தப்பும். அளவும் ஓரத்திலுள்ள அச்சகப் பெயரும் சேகரிப்பாளர் பட்டியலில் தேட உதவும்.

வைப்பதற்குப் பாலியெஸ்டர் உறை. மலிவான பிவிசி ஆல்பம் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள மென்மையூட்டி கசிந்து தாள் பிசுபிசுக்கும், மையும் ஒட்டிக்கொள்ளும். செலோடேப்பும் தொடாதீர்கள்.

பின்சேர்க்கை: "நூறாண்டுப் பழசு, அரிது" என்று விலை சொன்னால் நம்பாதீர்கள். சேகரிப்பவர்களுக்கென்றே ஏராளமாக அச்சிட்டவை இவை. பல இன்றும் மலிவு. தனித்தாளைவிடப் பழைய உறையோடு கிடைக்கும் முழுத்தொடருக்குத்தான் காசு கொடுக்கலாம்.