போகித் தீ மூட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழியின் கடைசி விடியல். நாலு மணிக்கே தெருவில் தீ மூட்டுவார்கள், பிள்ளைகள் போகி மேளம் கொட்டுவார்கள். இதைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் போய் "போகியே வேண்டாம்" என்றால் கோபம்தான் வரும். வேண்டாம் என்று சொல்லத் தேவையும் இல்லை. தீ மூட்டுவது அல்ல சிக்கல். அதில் என்ன விழுகிறது, எந்த நேரத்தில் எரிகிறது, எவ்வளவு எரிகிறது என்பதுதான் சிக்கல். சென்னை போன்ற ஊர்களில் இந்த மூன்றிலும் ஒரே மாதிரி தவறுகள் ஆண்டுதோறும் நடக்கின்றன.

பழைய பொருள் என்றால் எரிக்கலாம் என்று நினைப்பது

மற்ற எல்லாத் தவறும் இதிலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டு தலைமுறைக்கு முன்னால் ஒரு வீட்டில் கழித்துக்கட்ட என்ன இருந்திருக்கும்? மக்கிய கீற்று, பனையோலை, கிழிந்த கோரைப்பாய், ஓட்டை விழுந்த மூங்கில் முறம், தேய்ந்த தென்னந்துடைப்பம், நைந்த பருத்தித் துணி. எல்லாம் மண்ணில் விளைந்தவை. எரித்தால் புகை வரும், கண் எரியும், ஆனால் மிஞ்சிய சாம்பலைத் தோட்டத்தில் போடலாம்.

இன்று பரணிலிருந்து இறங்குவது வேறு. பிளாஸ்டிக் பாய், நைலான் வயர் நாற்காலி, பாலியஸ்டர் புடவை, ஸ்பாஞ்ச் மெத்தை, தெர்மாகோல், பிளைவுட் அலமாரியின் உடைந்த கதவு, போன தேர்தலின் ஃபிளெக்ஸ் பேனர். ஃபிளெக்ஸ் பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக். அதில் குளோரின் இருக்கிறது. குறைந்த சூட்டில் அரைகுறையாக எரியும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின்களும் உண்டாகின்றன. டையாக்சின் உடம்பில் கொழுப்பில் தங்கி ஆண்டுக்கணக்கில் வெளியேறாத நஞ்சு. ஸ்பாஞ்ச் மெத்தை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயு வரும். பிளைவுட்டில் ஒட்டுக்குப் பயன்படும் பிசின் ஃபார்மால்டிஹைடை விடும். பழைய பெயின்ட் பூசிய மரத்தில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதனால் "மரம்தானே" என்று தீர்மானிக்கும் முன் அதன் மேல் என்ன பூசியிருக்கிறது என்று பாருங்கள்.

"தீ பெரிதாக இருந்தால் எல்லாம் சுத்தமாக எரிந்துவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. குப்பை எரிக்கும் ஆலைகளிலேயே வாயுவை 850 டிகிரி செல்சியஸுக்கு மேல் குறைந்தது 2 விநாடி வைத்திருந்து, அப்புறம் வடிகட்டித்தான் வெளியே விட வேண்டும். தெருத்தீயில் நடுவில் மட்டும்தான் நல்ல சூடு. ஓரங்களில் பொருள் வேகாமல் புகைந்துகொண்டே இருக்கும். நச்சுப்புகை அதிகம் கிளம்புவது அங்கிருந்துதான்.

டயரைத் தனியாகச் சொல்ல வேண்டும். செயற்கை ரப்பர், கந்தகம், கார்பன் கரி, துத்தநாகம், உள்ளே எஃகுக் கம்பி, இதெல்லாம் சேர்ந்ததுதான் டயர். எரியத் தொடங்கிவிட்டால் தண்ணீர் ஊற்றினாலும் லேசில் அணையாது. எரிந்து முடிந்த இடத்தை மறுநாள் பார்த்தால் தெரியும்: தார் இளகிப் பள்ளம் விழுந்திருக்கும், அதில் கம்பி வளையங்கள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கையால் சுரண்டி எடுப்பவர் தூய்மைப் பணியாளர். பண்டிகைக்கு மறுநாள், பொங்கல் அன்று, அவருக்கு நாம் வைத்துவிட்டுப் போகிற வேலை அது.

துணியில் சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். பாலியஸ்டர் என்றால் சுருங்கி, உருகி, ஆறியதும் கடுகளவு கெட்டியான உருண்டையாக நிற்கும். உருண்டை கிடைத்தால் அந்தத் துணி தீக்குப் போகக் கூடாது.

நேரத்தைக் கணக்கில் எடுக்காதது

எதை எரிப்பது என்று யோசிப்பவர்கள்கூட எப்போது எரிப்பது என்று யோசிப்பதில்லை. சனவரியில் விடியலுக்கு முன் தரை நன்றாகக் குளிர்ந்திருக்கும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிக் கீழேயே தங்கும், அதற்கு மேலே கொஞ்சம் சூடான காற்று இருக்கும். சாதாரண நாளில் மேலே போய்க் கலைந்துவிடும் புகை, அன்று பானைக்கு மூடி போட்டது போல வீட்டு மாடி உயரத்திலேயே நின்றுவிடும். காற்றும் அசையாது. பனிமூட்டமும் சேர்ந்தால் எதிரே வரும் வண்டி தெரியாது. 2018 போகியன்று சென்னையில் இப்படித்தான் ஆனது. விமானங்கள் தாமதமாயின, சில ரத்தாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன.

காற்றில் மிதக்கும் நுண்துகளை, அதாவது பிஎம் 2.5-ஐ, 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இந்தியத் தரநிலை ஏற்றுக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு வெறும் 15. போகி விடியலில் அந்த 60-ஐத் தாண்ட ஊர் முழுக்க எரிய வேண்டியதில்லை. அசையாத காற்றில் ஒரு பேட்டையில் நாலு தெரு எரித்தாலே அந்தத் தெருக்காரர்கள் சுவாசிப்பது அதைவிட மோசமாக இருக்கும்.

விடியலுக்கு முன் மூட்டுவதுதான் வழக்கம், அதை மாற்ற மனமில்லை என்றால் அளவைக் குறையுங்கள். நாலைந்து காய்ந்த வறட்டி, கொஞ்சம் உலர்ந்த விறகு, வீட்டுக்கு ஒரு பழைய ஓலையோ துடைப்பமோ. சடங்குக்கு அது போதும். வீட்டுக்கு ஒரு தீ என்பதை விட்டுத் தெருவுக்கு ஒன்று என்று வைத்தால் இன்னும் நல்லது. எல்லோரும் ஒரே இடத்தில் கூடும்போது உள்ளே என்ன விழுகிறது என்பதையும் நாலு பேர் பார்ப்பார்கள்.

ஈர விறகு, பச்சைக் கிளை, காயாத வறட்டி ஆகியவற்றைப் போடுவதும் தவறுதான். இயற்கைப் பொருளாக இருந்தாலும் ஈரம் இருந்தால் புகை பல மடங்கு. பிடிக்கவில்லை என்று மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றுவது ஆபத்து, பிள்ளைகள் சுற்றி நிற்கும் இடத்தில் அதைச் செய்யவே கூடாது. கேபிள், மின்கம்பி தொங்கும் இடத்துக்குக் கீழே மூட்டாதீர்கள்.

"வருஷத்துக்கு ஒரு நாள்தானே"

தினமும் வண்டிகள் விடும் புகையோடு ஒப்பிட்டு இதைச் சொல்கிறார்கள். வண்டிப் புகையும் கெடுதல்தான், அதில் வாதமே இல்லை. ஆனால் ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும், நுரையீரல் நோய் உள்ள முதியவருக்கும் ஆண்டுச் சராசரி ஒரு பொருட்டே இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் மூச்சுக்குழல் சுருங்கினால் நெபுலைசரைத் தேடி ஓட வேண்டியதுதான். கதவு ஜன்னலைச் சாத்திக்கொள்ள வீடு உள்ளவர்களால் முடியும். நடைபாதையில் தூங்குகிறவர்களுக்கு அந்த வசதியும் கிடையாது. ஒரு நாள் என்பது நமக்குத்தான் ஒரு நாள்.

சட்டமும் ஒரு நாளுக்கென்று விலக்கு வைக்கவில்லை. தெருவிலும் பொது இடத்திலும் குப்பையை எரிப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடுத்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதம் விதித்தது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியமும் ஒவ்வொரு போகிக்கும் டயர், பிளாஸ்டிக், ரப்பர் எரிக்காதீர்கள் என்று அறிவிப்பு வெளியிடுகிறது.

கடைசி நாள் வரை பரணைத் தொடாதது

டயர் தீக்குப் போவதற்குப் பெரும்பாலும் கெட்ட எண்ணம் காரணமல்ல, நேரமின்மைதான். போகிக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் பரணைக் காலி செய்தால், எல்லாம் வாசலில் ஒரே குவியலாகத்தான் விழும். விடிந்தால் கொளுத்தத்தான் தோன்றும். பத்து நாள் முன்பே தொடங்குங்கள். பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக் எல்லாம் காயலான் கடைக்குப் போகும். பழைய போன், சார்ஜர், பேட்டரி ஆகியவற்றை மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டும். பேட்டரியும் ஸ்பிரே டப்பாவும் தீயில் வெடிக்கும். டயர், மெத்தை, பாய், கிழிந்த துணி போன்றவற்றைச் சென்னை மாநகராட்சி போகிக்கு முன்பே தனியாக வாங்கிக்கொள்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஏற்பாடு உண்டா என்று வார்டு அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

நல்ல துணியைத் தானம் கொடுப்பது சரி. ஆனால் நாம் உடுத்தக் கூசுகிற துணியை ஆதரவற்றோர் இல்லங்களுக்கு அனுப்பிவைப்பது குப்பையை இடம் மாற்றுவதுதான்.

தீயை வைத்தே போகியை அளப்பது

இந்தத் தவறை இரண்டு பக்கமும் செய்கிறார்கள். எரித்தால்தான் போகி என்பவர்களும், எரிப்பதால் போகியே கேடு என்பவர்களும் பண்டிகையைக் குப்பைக் குவியலாகச் சுருக்கிவிடுகிறார்கள். கொங்கு நாட்டில் அன்று காப்புக் கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து வீட்டுக் கூரையிலும் தோட்டத்திலும் மாட்டுத் தொழுவத்திலும் செருகுவார்கள். தெலுங்கு பேசும் குடும்பங்களில் சின்னச் சின்ன வறட்டிகளை மாலையாகக் கோத்துப் பிள்ளைகள் கையால் தீயில் போடச் சொல்வார்கள். வெள்ளையடிப்பது, வீடு கழுவுவது, கோலம் போடுவது எல்லாமே போகிதான். தீ சின்னதானால் இவை எதுவும் குறையப் போவதில்லை.

கார்த்திகை தீபத்துக்குக் கோயில் முன் கொளுத்தும் சொக்கப்பனையைப் பாருங்கள். எரிவது காய்ந்த பனையோலை, எரிகிற இடம் ஒன்று, நேரமும் கொஞ்சம்தான். ஊரே கூடி நின்று பார்க்கிறது. அதிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அதற்காக உயிருள்ள பனையை வெட்டக் கூடாது. மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்ட முடியாது என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது. உதிர்ந்த ஓலையும் தானாகப் பட்டுப்போன மரமும் போதும்.

விடிகாலையில் சண்டை போடுவது

தீ மூட்டிய பிறகு தெருவில் இறங்கி "டயரை எடுங்கடா" என்று கத்தினால் எவனும் எடுக்க மாட்டான், இன்னும் இரண்டைக் கொண்டுவந்து போடுவான். டயர் சேகரிக்கும் பையன்கள் யார் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். பஞ்சர் கடை வாசலிலிருந்து உருட்டிக்கொண்டு போவார்கள். ஒரு வாரம் முன்பே அவர்களைக் கூப்பிட்டு, தெருத்தீயை நடத்தும் பொறுப்பையே அவர்களிடம் கொடுங்கள். விறகும் வறட்டியும் வாங்கப் பெரியவர்கள் பணம் போடட்டும், மேளமும் வாங்கித் தரட்டும். பஞ்சர் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பழைய டயரை அந்த வாரம் மட்டும் உள்ளே பூட்டி வைப்பார். தீ முடிந்ததும் தண்ணீர் தெளித்து, சாம்பல் முழுக்க ஆறியதும் அள்ளிவிட வேண்டியதும் அந்தப் பையன்களின் வேலை என்று முன்பே பேசி முடித்துவிடுங்கள்.