கிளாஸ் சைக்கிள் ட்ரிப்ல வரிசை சிதறாம இருக்க நான் பண்ணது

கிளாஸ் பசங்களோட சில நாள் சைக்கிள் ட்ரிப் போறதுக்கு முன்னாடி ஒரு ட்ரையல் ஓட்டிப் பாத்தோம், அப்பவே பிரச்சனை தெரிஞ்சுடுச்சு, வேகமா போற பசங்க கண்ணுக்கே தெரியல, மெதுவா வர்றவங்க மூச்சு வாங்கிட்டு வந்து சேரும்போது முன்னாடி போனவங்க ரெஸ்ட் முடிச்சு கிளம்பிடுறாங்க, பாவம் ரெஸ்ட் தேவைப்படுறவங்களுக்குத்தான் ரெஸ்ட்டே இல்ல.

அதனால சின்ன சின்ன குரூப்பா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒரு டீச்சர், கடைசில ஒருத்தர், முன்னாடி டீச்சருக்கு அடுத்தாப்ல மெதுவா ஓட்டுற பசங்கன்னு வெச்சோம். கடைசி ஆள் வந்து தண்ணி குடிச்ச அப்புறம்தான் பிரேக் டைமே ஸ்டார்ட்.

இன்னொன்னு, முட்டி வலிக்குதுன்னு சொன்ன பாதி பேருக்கு சீட் ரொம்ப கீழ இருந்துச்சு. பெடல் அடில இருக்கும்போது அதுமேல குதிகாலை வெச்சா கால் நேரா வரணும், அந்தளவுக்கு ஏத்தி விட்டோம். காத்து எவ்வளவுன்னு டயர் ஓரத்துலயே பிஎஸ்ஐ (PSI, காத்தழுத்தத்தோட அளவு) கணக்குல போட்டிருக்கும், விரலால அமுக்கி பாக்குறதையெல்லாம் நம்பாதீங்க. பை முதுகுல வேணாம், கேரியர்ல கட்டுங்க, கயிறு நுனி சக்கரத்துல மாட்டாம பாத்துக்கோங்க. அப்புறம் ஸ்பேர் ட்யூப், பசங்க சைக்கிள் 20, 24, 26 இன்ச்னு கலந்துதான் இருக்கும், சைஸ் எழுதிட்டுப் போய் வாங்குங்க.