என்.கே. செல் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால் கேட்க வேண்டியவை

வழக்கமான மருந்துகள் கைகொடுக்காத நிலையில், "எதிர்ப்பு அணுக்களைப் பெருக்கி உடலில் ஏற்றினால் புற்றுநோய் அழியும்" என்று யாராவது சொன்னால், அதில் எவ்வளவு உண்மை என்று நிதானமாகக் கேட்கும் மனநிலை அந்த வீட்டில் எவருக்கும் இருப்பதில்லை. அப்படியொரு நாளில் மருத்துவர் முன் அமரும் குடும்பத்துக்கு உதவவே இதை எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது, ஏற்றப்போவது யாருடைய செல்கள் என்பது. நோய் எதிர்ப்புக்கு உதவும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான என்.கே. செல்கள், அதாவது இயற்கைக் கொல்லி செல்கள், ரத்தத்திலுள்ள நிணநீர் அணுக்களில் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை இருப்பவை. 1970களில் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் கண்டறியப்பட்டவை. நலமான செல்கள் எச்.எல்.ஏ. என்ற புரதத்தை அடையாளச் சீட்டுபோல் மேற்பரப்பில் தாங்கியிருக்கின்றன. டி செல்கள் என்ற வேறொரு வகை எதிர்ப்பு அணுக்களிடமிருந்து தப்புவதற்காகப் புற்றுநோய் செல்கள் பல சமயம் அதை உதிர்த்துவிடுகின்றன. அந்தச் சீட்டு இல்லாததே என்.கே. செல்லைத் தாக்கத் தூண்டுகிறது என்பதை ஸ்வீடன் அறிவியலாளர் கிளாஸ் கேர 1980களில் விளக்கினார். சீட்டை உதிர்க்காத புற்றுநோயும் உண்டு. அதைக் கண்டால் நோயாளியின் சொந்த என்.கே. செல்கள் அடங்கிவிடக்கூடும், வேறு எச்.எல்.ஏ. வகை கொண்ட கொடையாளரின் செல்கள் அவ்வாறு அடங்காமல் தாக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே, உங்கள் ரத்தத்தையே எடுத்துப் பெருக்கித் திருப்பி ஏற்றுவதாகச் சொன்னால், உங்கள் வகைப் புற்றுநோயில் அந்த முறைக்கு என்ன சான்று இருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள்.

அடுத்து, செய்முறையை முழுமையாக விளக்கச் சொல்லுங்கள். எச்.எல்.ஏ. வகை பாதி பொருந்தும் உறவினரிடமிருந்து இயந்திரத்தின் மூலம் வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுப்பது ஒரு வழி. சேமிக்கப்பட்ட தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுப்பது மற்றொரு வழி. கொடையாளரின் டி செல்கள் கலந்திருந்தால் அவை நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கக்கூடும் என்பதால், அவற்றைக் காந்த மணிகளைக் கொண்டு நீக்குகிறார்கள். ஏற்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்பு நோயாளிக்கு ஃப்ளூடராபின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற இரு கீமோ மருந்துகளைத் தருவது வழக்கம். புதிய செல்களை உடல் உடனே நிராகரிக்காமலிருக்கவும், அவை பெருகவும் இது தேவைப்படுகிறது. செல்களை ஏற்றுவது ரத்தக் குழாய் வழியாகச் சிறிது நேரத்தில் முடிந்துவிடும். உடலை உண்மையில் வாட்டுவது அதற்கு முந்தைய இந்தக் கீமோதான். பக்க விளைவே இல்லாத சிகிச்சை என்று விளம்பரம் செய்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

உங்கள் நோய்க்குச் சான்று என்ன என்பதே மிக முக்கியமான கேள்வி. மினசோட்டா பல்கலைக்கழகக் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான ஏ.எம்.எல். ரத்தப் புற்றுநோய் கொண்ட 19 பேருக்கு உறவினரின் என்.கே. செல்கள் ஏற்றப்பட்டதில் 5 பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோய் செல்லின் மேற்பரப்பிலுள்ள சி.டி.19 என்ற புரதத்தைப் பற்றும்படி மரபணு மாற்றம் செய்த தொப்புள்கொடி என்.கே. செல்களைப் பெற்ற 11 பேரில் 8 பேருக்குப் பலன் தெரிந்தது. அவர்களில் 7 பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. இதேபோல் மரபணு மாற்றம் செய்த டி செல்களை ஏற்றும் சிகிச்சையில் அஞ்சப்படும் கடும் அழற்சியோ நரம்புப் பாதிப்போ அவர்களிடம் காணப்படவில்லை. மனத்துக்கு நம்பிக்கை தரும் முடிவுகள்தாம். ஆனால் பலன் கண்டவர்களில் பலர் பின்னர் வேறு சிகிச்சையும் பெற்றதால், இந்தச் செல்களால் மட்டும் பலன் எவ்வளவு காலம் நிலைத்தது என்பதை அந்த ஆய்வால் அளவிட முடியவில்லை. இவை இரண்டுமே ரத்தம், நிணநீர் சார்ந்த புற்றுநோய்கள் என்பதையும் கவனியுங்கள். மார்பு, நுரையீரல், கணையம் போன்ற உறுப்புகளில் வளரும் கட்டிகளுக்குள் இந்தச் செல்கள் போதிய அளவு நுழைவதில்லை; நுழைந்தவற்றையும் கட்டி சுரக்கும் டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற பொருள்கள் முடக்குகின்றன. பலரும் அறியாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: நெடுநாளாகப் பயன்பாட்டிலுள்ள ரிட்டுக்ஸிமாப், டிராஸ்டுசுமாப் என்ற புற்றுநோய் மருந்துகள் செயல்படும் வழிகளுள் ஒன்று, நோயாளியின் சொந்த என்.கே. செல்களைக் கட்டியின்மீது ஏவுவதே.

2024 வரை எந்த என்.கே. செல் தயாரிப்பும் மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் புற்றுநோய்க்கான அனுமதி பெற்றிருக்கவில்லை. எனவே உங்களுக்குச் சொல்லப்படுவது மருத்துவப் பரிசோதனையாக இருந்தால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் அதன் பதிவு எண்ணை வாங்கி, யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய அந்தப் பதிவேட்டில் நோயின் பெயர், மருத்துவமனை, சேர்வதற்கான தகுதிகள் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆய்வு சார்ந்த செலவைப் பங்கேற்பவரிடம் வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. பதிவு எண்ணும் இல்லாமல் பல லட்சம் கேட்கும் இடத்தை விட்டு எழுந்து வருவதே சரி என்பது என் கருத்து. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய் இருமுறை படியுங்கள். பலனளிக்கும் வாய்ப்புள்ள வேறு சிகிச்சை இன்னும் மீதமிருந்தால், இதற்காக அதை நிறுத்தாதீர்கள்.

சிகிச்சையில் சேர்ந்துவிட்டால், வீடு திரும்பிய பிறகு காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், இரவானாலும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஃப்ளூடராபின் பெற்றவருக்குப் பின்னாளில் ரத்தம் ஏற்ற நேர்ந்தால், கதிர்வீச்சு செலுத்திய ரத்தமே ஏற்ற வேண்டும் என்பதால், அந்த மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி நோயாளியின் பையில் எப்போதும் வைத்திருங்கள்.