டூர் பஸ்ஸில் கால் முன்பக்கம், தலை பின்பக்கம்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பிறந்த ராக் இசைதான் சதர்ன் ராக். அதை வாசிக்கும் குழுக்களுக்குப் பாதி வாழ்க்கை சாலையில்தான். ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் தங்கி வளர்ந்த ஆல்மன் பிரதர்ஸ் குழுவினர், 1970-இல் வின்னபேகோ என்ற, உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். இசைக் குழுக்கள் கச்சேரிக்குப் போகும் இன்றைய டூர் பஸ்ஸில் பெரும்பாலும் 12 படுக்கைகள், இருபக்கமும் மூன்று மூன்று அடுக்காக இருக்கும். கதவு கிடையாது, ஒரு திரை மட்டும்தான்.

அப்படி ஒரு பஸ்ஸில் போக நேர்ந்தால், ஓட்டுநர் பக்கம் கால் நீட்டிப் படுங்கள். நடுராத்திரியில் மான் குறுக்கே பாய்ந்து சட்டென்று பிரேக் பிடித்தால், தூங்குகிற உடம்பு அப்படியே முன்னால் சறுக்கும். படுக்கையின் முன்பக்கப் பலகையில் கால் மோதினால் வலியோடு போகும். தலை மோதினால் கழுத்துக்கே ஆபத்து. தயவுசெய்து இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் நடு அடுக்கு நல்லது. மேல் அடுக்கு வளைவுகளில் அதிகம் ஆடும்.

அப்புறம் கிதார். குளிர்காலத்தில் லாரியிலிருந்து இறக்கிய பெட்டியை அரங்கின் சூட்டில் உடனே திறக்க வேண்டாம். ஜில்லென்ற மரத்தில் சூடு பட்டால் மெருகில் முடி போல விரிசல் ஓடும். பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், சில்லிப்பு முழுக்கப் போன பிறகு திறந்தால் போதும்.