அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறீர்களா? ஏஜென்சியிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கை காலோடு பேச்சும் போய்விட்டது. மூக்கில் உணவு கொடுக்கும் ட்யூபோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வலித்தாலும் வாய்விட்டுச் சொல்ல முடியாதவருக்கு வீட்டில் யாராவது ஒருவர் வாயாக இருந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் அது நான்.

டிஸ்சார்ஜ் அன்றே ஆரம்பித்துவிடுங்கள். சம்மரியில் மாத்திரைப் பட்டியல் இருக்கும். ட்யூபில் எத்தனை முறை, எவ்வளவு மில்லி கொடுப்பது, என்ன ஆனால் திரும்ப ஓடி வருவது என்பதை டியூட்டி டாக்டரிடம் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். எந்த மாத்திரையைப் பொடிக்கக் கூடாது என்றும் கேளுங்கள். அட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று போட்டிருந்தால் அது மெல்ல மெல்லக் கரைய வேண்டியது. பொடித்து விட்டால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

ஏஜென்சிக்கு போன் போட்டு "நர்ஸ் வேணும்" என்று மட்டும் சொன்னால், யாரை வேண்டுமானாலும் அனுப்புவார்கள். வேலையைச் சொல்லிக் கேளுங்கள். குளிப்பாட்ட, டயப்பர் மாற்ற, திருப்பிப் படுக்க வைக்க அனுபவமுள்ள அட்டெண்டர் போதும். ஊசி போட, ட்யூப் மாற்ற, புண்ணுக்குக் கட்டுப் போட நர்சிங் படித்தவர்தான் வேண்டும். தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த ஏஜென்சியைப் பாருங்கள். லீவு போட்டால் மாற்று ஆள் எப்போது வருவார், பாதியில் நின்றால் அட்வான்ஸ் திரும்புமா என்பதெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும்.

24 மணி நேரத்துக்கு ஒரே ஆள் என்பது கேட்க வசதியாக இருக்கும். அவரும் தூங்க வேண்டாமா? படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் திருப்பச் சொல்வார்கள். ஏர் பெட் போட்டிருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். ஒரே மனுஷி இரவும் பகலும் அதைச் செய்ய முடியாது. முடிந்தால் இரண்டு ஷிப்ட்டுக்கு இரண்டு ஆள் போடுங்கள். முடியாவிட்டால் ராத்திரியை வீட்டார் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

இனி நோட்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கட்டில் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். திருப்பிய நேரம், எந்தப் பக்கம், கொடுத்த உணவு, சிறுநீரின் அளவும் நிறமும், மலம், பி.பி., சுகர், செய்த கையோடு எழுதச் சொல்லுங்கள். ஒரு நாள் விடிகாலை 3 மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தேன். 4 மணிக்கு இடப்பக்கம் திருப்பியதாக அப்போதே எழுதியிருந்தது. ராத்திரி பார்த்துக்கொள்ள வந்த அட்டெண்டர் அக்காவை எழுப்பிச் சண்டை போடவில்லை. பக்கத்தைப் படம் எடுத்து, காலையில் ஏஜென்சி சூப்பர்வைசருக்கு அனுப்பி, "இதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். விசாரித்தால், பகலெல்லாம் வேறு வீட்டில் வேலை பார்க்க வைத்து ராத்திரி எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். டபுள் ஷிப்ட் போட்டது ஏஜென்சி. அவரைத் திட்டி என்ன பயன்? "கவனிப்பு சரியில்லை" என்று பொதுவாகப் புகார் சொன்னால் "சொல்லிடறோம் மேடம்" என்பதோடு முடிந்துவிடும். நேரம் போட்ட பக்கத்துக்கு அவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நோட்டை மட்டும் நம்பவும் வேண்டாம். குளிப்பாட்டும்போது தினமும் நீங்களே இடுப்புக்குக் கீழே, குதிகால், முழங்கை எல்லாம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் வெளுக்காவிட்டால் படுக்கைப் புண்ணின் ஆரம்பம்; அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சூடும் தடிப்பும்தான் தெரியும். ட்யூபில் கொடுக்கும்போதும், முடிந்து அரை மணி நேரம் வரையிலும் தலைமாடு உயர்ந்திருக்கிறதா? யூரின் பை இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்குகிறதா? தூக்கி உட்கார வைக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கிறார்களா? அதை மட்டும் உடனே நிறுத்துங்கள். பிடிப்பு விட்ட தோள் மூட்டு நழுவிவிடும்.

எங்கள் அப்பாவுக்குப் பேச்சுதான் இல்லை, புரிகிறது. "தாத்தா, இப்ப திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொட்டால் உடம்பைத் தளர்த்திக் கொடுப்பார். சொல்லாமல் புரட்டினால் இடது கையால் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தையும் விட வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பி.பி., சுகர் மாத்திரை, பிசியோதெரபி, படுக்கை நோயாளிகளுக்கான பராமரிப்பு ஆகியவற்றுக்கு வீட்டுக்கே வருவார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். பிசியோ வந்தால் பயிற்சிகளை அட்டெண்டருக்கும் காட்டச் சொல்லுங்கள். பிசியோ வராத நாட்களில் செய்யப்போவது அட்டெண்டர்தானே.

ஆள் மாறும்போது பழையவரும் புதியவரும் ஒரு வேளையாவது சேர்ந்து இருக்கும்படி ஏஜென்சியிடம் கேளுங்கள். கூடுதல் பணம் கேட்டாலும் கொடுக்கலாம். இருவரையும் வைத்துக்கொண்டே அப்பாவின் முதுகைப் பார்த்து, தோல் எப்படி இருக்கிறதென்று நோட்டில் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.