தையல் பயிற்சிக்கு எவ்வளவு கட்டணம்? கணக்கிடும் முறை

பக்கத்து மையம் வாங்கும் கட்டணத்தில் சிறிது குறைத்து நம் கட்டணத்தை அறிவிப்பது சிறிய பயிற்சி மையங்கள் பலவற்றின் வழக்கம். நம் செலவு என்ன என்பதை அந்தத் தொகை ஒருபோதும் சொல்லாது. ஆகவே ஒரு பேட்ச்சுக்கு ஆகும் செலவிலிருந்து தொடங்க வேண்டும்.

திருப்பூரில் 20 பேருக்கான 300 மணி நேரத் தையல் பயிற்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்குள்ள செலவுத் தொகைகள் கணக்கை விளக்குவதற்கான அனுமானங்களே. நாளொன்றுக்கு 5 மணி நேரம் என்றால் 60 வேலை நாட்கள், ஏறத்தாழ இரண்டரை மாதம். பயிற்றுநர் சம்பளம் 60,000 ரூபாய், வாடகையிலும் மின்கட்டணத்திலும் இந்தப் பேட்ச்சின் பங்கு 25,000, அலுவலகச் செலவும் வேலைவாய்ப்புத் தொடர்பும் 20,000 ஆகின்றன. பலரும் விட்டுவிடுவது இயந்திரத் தேய்மானத்தைத்தான். தலா 30,000 ரூபாயில் 20 இயந்திரங்கள் ஐந்தாண்டுகளில் 40 பேட்ச்சுகளுக்கு உழைத்தால், ஒரு பேட்ச்சின் பங்கு 15,000. ஆக, எத்தனை பேர் வந்தாலும் மாறாத நிலைச்செலவு 1,20,000. துணி, நூல், ஊசி, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றுக்குத் தலைக்கு 3,000 தனி.

இருபது பேரும் முடித்தால் ஒருவருக்கு 9,000 ரூபாய். பன்னிரண்டு பேர் மட்டும் முடித்தால், விலகியவர்கள் பயன்படுத்திய பொருளைச் சேர்க்காமலே 13,000. எனவே சேர்ந்தவர்களின் எண்ணிக்கையால் வகுக்காதீர்கள்; முந்தைய பேட்ச்சுகளில் முடித்தவர்களின் எண்ணிக்கையால் வகுங்கள்.

மாணவருக்குப் பதிலாக அரசே மையத்துக்குக் கட்டணம் தரும் திறன் பயிற்சித் திட்டத்தில் சேர்வதற்கு முன்பும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மத்திய அரசு 2015-இல் அறிவித்த பொது விதிமுறைகள் தொழில்களை மூன்று பிரிவுகளாக்கி, பயிற்சி பெறும் ஒருவருக்கு மணிக்கு 38.50, 33, 27.50 ரூபாய் என நிர்ணயித்தன. விகிதங்கள் பின்னர் திருத்தப்பட்டதால் நடப்பு ஆணையைப் பாருங்கள். முதல் பிரிவில் ஒருவருக்கு 11,550 ரூபாய் கிடைக்கும். 15 பேர் முடித்தால்தான் நம் செலவு மீளும். மூன்றாம் பிரிவில் 8,250 மட்டுமே என்பதால், இருபது பேரும் முடித்தாலும் நட்டம்தான்.

பணம் வரும் காலமும் முக்கியம். அந்த விதிமுறைகளின்படி தொடக்கத்தில் 30 விழுக்காடும், சான்றிதழுக்குப் பின் 50 விழுக்காடும், வேலைவாய்ப்பைப் பொறுத்து 20 விழுக்காடும் வழங்கப்பட்டன. முதல் பிரிவில் 15 பேருக்கு முதல் தவணை 51,975 ரூபாய்; செலவோ 1,65,000. இடையிலுள்ள 1,13,025 ரூபாயைக் கையில் வைத்துக்கொள்ளாமல் பேட்ச்சைத் தொடங்கினால், பயிற்றுநரின் சம்பளம்தான் முதலில் தள்ளிப்போகும். அந்த நிலைக்கு எவரையும் ஆளாக்கக் கூடாது.

கட்டணம் செலுத்தும் மாணவர்களுக்குத் தவணை கொடுங்கள். தகுதியுள்ள பயிற்சிகளுக்கு வங்கிகளின் திறன் கடன் உண்டு, 2015-இல் 1.5 லட்சமாக இருந்த அதன் உச்சவரம்பு 2024-இல் 7.5 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஆனால் குறுகியகாலப் பயிற்சிக்குக் கடனைக் காட்டிலும் தவணையே நல்லது என்பது என் கருத்து.

விலகுவோரைத் தடுப்பதற்கான செலவையும் கணக்கில் சேருங்கள். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், இரண்டரை மாதக் கூலியை இழந்து வருபவர்களுக்கு மதிய உணவும் பாரம்தான். நாளுக்கு 25 ரூபாய் வீதம் முடிப்பவருக்கு 1,500 ரூபாய் ஒதுக்கி, அதனால் பன்னிரண்டு பேருக்குப் பதில் பதினாறு பேர் முடித்தால், தலைக்கான செலவு 13,000-லிருந்து 12,000 ரூபாயாகக் குறைகிறது.