கல்லூரிச் சேர்க்கைக்குப் பிள்ளையோடு போகும் முன்

இடம் கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் புதுத் துணி எடுக்க மதுரை விளக்குத்தூண் பக்கம் போவதை ஒத்திவையுங்கள். முதல் வேலை இ-சேவை மையம். வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரி சான்றிதழும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேசை மேசையாக நகர்ந்துதான் கைக்கு வரும். ஜூன் மாதத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் விண்ணப்பிப்பதால் இன்னும் இழுக்கும்.

மாற்றுச் சான்றிதழைக் கல்லூரியில் கொடுத்துவிட்டால் படிப்பு முடியும்வரை பொதுவாகத் திரும்ப வராது. அதனால் மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழோடு அதையும் நாலைந்து ஜெராக்ஸ் எடுத்து, கைபேசியிலும் ஸ்கேன் செய்து வையுங்கள்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளை என்றால் புதுமைப்பெண், பையன் என்றால் தமிழ்ப் புதல்வன். இரண்டும் தமிழக அரசின் உதவித்தொகைத் திட்டங்கள்; மாதம் 1,000 ரூபாய். பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு இரண்டும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

அப்புறம், பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று: இந்தப் பாடப்பிரிவு அரசு உதவி பெறுவதா, சுயநிதியா? ஒரே கல்லூரி, ஒரே பாடம், ஆனால் சுயநிதியில் கட்டணம் பெரிதும் கூடும். சுயநிதி வகுப்பு சில இடங்களில் மதியத்துக்கு மேல்தான் தொடங்கும். உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்கும் பிள்ளை வீடு திரும்ப இருட்டிவிடும். விடுதியா, பஸ்ஸா என்பதை வகுப்பு நேரம் தெரிந்தபின் முடிவு செய்யலாம்.

மொழிப்பாடம் எது என்று கேட்கும்போது மட்டும் பிள்ளையைப் பேச விடுங்கள்.